வண்டி படுத்துக்கொண்ட நாள்

சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரு மனிதன் பெரியவனாகிவிட்டால், அவன் பெரியவனான நாள் எது என்று பஞ்சாங்கத்தைப் புரட்டத் தொடங்கிவிடுவார்கள். புத்தருக்கு ஒரு கிழவரும் ஒரு நோயாளியும் ஒரு பிணமும் எதிர்ப்பட்ட நாட்கள். காந்தியடிகளுக்குத் தென்னாப்பிரிக்காவில் ரயிலிலிருந்து கீழே தள்ளப்பட்ட 1893-ம் வருஷத்துக் குளிர் இரவு. அதற்கு முன்னால் ஒரு மனிதர், அதற்குப் பின்னால் வேறொரு மனிதர். இடையில் கதவு மாதிரி அந்த ஒரு நாள்.

சே குவேராவுக்கும் அப்படி ஒரு கதவைச் செய்து வைத்திருக்கிறார்கள். அது 1952-ம் வருஷத்து மோட்டார் சைக்கிள் பிரயாணம். நட்சத்திரம் பதித்த தொப்பியோடு அவர் முகம் நம் ஊர் ஆட்டோக்களின் முதுகிலும் இளைஞர்களின் சட்டையிலும் வந்து குடியேறிவிட்டது. ஹவானாவில் 1960 மார்ச் 5-ம் தேதி, துறைமுகத்தில் கப்பல் வெடித்து இறந்தவர்களுக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் ஆல்பர்டோ கோர்டா என்ற புகைப்படக்காரர் எடுத்த படம் அது. அந்த முகத்தை அறிந்த பலருக்கு இந்தப் பிரயாணக் கதையும் தெரியும். பணக்கார நண்பர்களோடு ரக்பி விளையாடிக்கொண்டிருந்த வைத்திய மாணவன் ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனான், ஏழைகளைக் கண்டான், புரட்சிக்காரனாகத் திரும்பினான்.

கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு, அழகான கதையைக் கண்டால் கொஞ்சம் சந்தேகம். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காட்சியில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேரையும் கேட்க வேண்டும். அந்த மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் போனார்கள்.

மற்றவர் பெயர் ஆல்பர்டோ கிரனாடோ. குவேராவைவிட ஆறு வயது மூத்தவர், 1922-ல் பிறந்தவர். உயிர் இரசாயனம் படித்து, அர்ஜெண்டினாவின் கார்டோபா மாகாணத்தில் ஒரு தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். ஆஸ்துமாவினால் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த எர்னெஸ்டோ குவேரா என்ற பள்ளிக்கூடத்துப் பையனை, 'இவனால் ஆட முடியாது' என்று மற்றவர்கள் ஒதுக்கியபோது, ரக்பி கோஷ்டியில் சேர்த்துக்கொண்டவர் அவர்தான். வண்டியும் அவருடையது: 1939-ம் வருஷத்து நார்ட்டன், 500 சி.சி. அதற்கு 'லா போடரோஸா' என்று பெயர் வைத்திருந்தார். வல்லமை உடையவள் என்று அர்த்தம். பெயருக்கும் பொருளுக்கும் பொருத்தம் பார்க்கிற வழக்கம் அந்த ஊரிலும் இல்லை போலிருக்கிறது. வழியெல்லாம் கம்பியால் கட்டிக் கட்டித்தான் அவளை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

1951 டிசம்பர் கடைசியில் கார்டோபாவிலிருந்து புறப்பட்டார்கள். கிரனாடோவுக்கு வயது 29. குவேராவுக்கு 23, வைத்தியப் பட்டம் வாங்க இன்னும் சில பரீட்சைகள் பாக்கி. அர்ஜெண்டினாவைக் குறுக்கே கடந்து, பிப்ரவரி நடுவில் ஆண்டிஸ் மலை ஏரிகளின் வழியாகச் சிலி நாட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். கையில் பணம் இல்லை. பணம் இல்லாதவனுக்கு வாய் இருக்க வேண்டும். இருவருக்கும் அது தாராளமாக இருந்தது.

டெமுகோ என்ற ஊரில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றின் ஆபீசுக்குப் போய்ப் பேட்டி கொடுத்தார்கள். 'தொழுநோய் நிபுணர்களான இரண்டு அர்ஜெண்டினர்கள் மோட்டார் சைக்கிளில் தென்னமெரிக்கச் சுற்றுப்பயணம்' என்கிற தோரணையில் செய்தி வந்தது. ஒருவர் பட்டம் வாங்காத மாணவர். ஆனாலும் அச்சில் வந்த பிறகு யார் கேட்கப்போகிறார்கள்? அந்தப் பத்திரிகைத் துண்டை வைத்துக்கொண்டே வழியெல்லாம் சாப்பாடும் படுக்கையும் சம்பாதித்தார்கள். மெக்கானிக் ஷாப்பில் வண்டியை ஒக்கிட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர்கள் 'டாக்டர்' என்று மரியாதையாகக் கூப்பிட்டு விருந்து வைத்தார்கள்.

இதில் வண்டியின் பங்கு என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது ஓர் அந்தஸ்து. வெளியூரிலிருந்து மூட்டை முடிச்சோடு நடந்து வருகிறவனை நாய் குரைத்து வரவேற்கும். தூசி படிந்த மோட்டார் சைக்கிளோடு வருகிறவனைச் சுற்றி ஊர்ப் பையன்கள் கூடுவார்கள். 'எங்கிருந்து வருகிறீர்கள்? எத்தனை மைல் வேகம் போகும்?' என்று விசாரணை நடக்கும். விசாரணை முடியும்போது யாராவது ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார். வண்டிக்காரன் ஏழையாக இருக்கலாம். ஆனால் அவன் வேடிக்கையான ஏழை. மற்ற ஏழைகளோடு அவனை யாரும் சேர்த்து எண்ணுவதில்லை. அவனும் எண்ணிக்கொள்வதில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

பிப்ரவரி மாதக் கடைசி. தெற்குச் சிலியில் லௌதாரோ என்ற ஊரை விட்டுக் கிளம்பியிருந்தார்கள். வண்டியை ஓட்டியவர் குவேரா. ஓர் இறக்கத்தில் திருப்பத்தைத் தாண்டினால், எதிரே ஒரு மாட்டு மந்தை. பிரேக்கை மிதித்தார், அது பிடிக்கவில்லை. கைப் பிரேக்கைப் பிடித்தார். அதுவும் அறுந்து போயிற்று. மாடுகளுக்கு நடுவே எப்படியோ புகுந்து, ஒரு மாட்டின் காலை மாத்திரம் உரசிக்கொண்டு, கரை மேல் ஏறி, இரண்டு பாறைகளுக்கு இடையே வண்டி செருகிக்கொண்டு நின்றது. இருவருக்கும் ஒரு காயமும் இல்லை. மாடுகள் தங்கள் வழியே போயின.

அன்று இரவு ஜெர்மானியக் குடும்பம் ஒன்று இடம் கொடுத்தது. பத்திரிகைத் துண்டின் மகிமைதான். நடு ராத்திரியில் குவேராவுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இருட்டில் ஜன்னல் வழியாகவே காரியத்தை முடித்துக்கொண்டார். விடிந்து எட்டிப் பார்த்தால், ஜன்னலுக்கு நேர் கீழே தகரத்தின் மேல் பீச் பழங்களைப் பரப்பிக் காயவைத்திருக்கிறார்கள்! இருவரும் அங்கே நிற்கவில்லை. பிற்காலத்தில் உலகமே போஸ்டர் ஒட்டிக் கும்பிட்ட மனிதர், தம் கைப்பட எழுதி வைத்திருக்கிற சம்பவம் இது. அவரைப் பற்றி எனக்கு இருக்கிற மதிப்பில் ஒரு பங்கு, இதை எழுதி வைத்ததற்காகத்தான்.

ஆனால் பாறை இடுக்கில் செருகியதன் பலன் அடுத்த ஏற்றத்தில் தெரிந்தது. மால்லெகோ ஆற்றின் பள்ளத்தாக்கு அது. 1890-ல் திறக்கப்பட்ட பெரிய ரயில் பாலம் ஒன்று நூறு மீட்டர் உயரத்தில் அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டுகிறது. சிலிக்காரர்களுக்கு அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்லி மாளாது. அந்தப் பெருமைக்குரிய இடத்தில் நம் வல்லமை உடையவள் மலை ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டாள். மேலே கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு லாரி வருமா என்று பகல் முழுவதும் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரவு கொல்லிபுல்லியில் கழிந்தது. மறுநாள் காலையில் கிளம்பினார்கள். முதல் செங்குத்தான ஏற்றம் வந்தது. வண்டி அங்கேயே படுத்துக்கொண்டது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

லாரி ஒன்று அவர்களையும் வண்டியையும் லாஸ் ஆஞ்சலெஸ் ஊரில் கொண்டுவந்து இறக்கியது. சினிமாப் பட்டணம் அல்ல. சிலியிலேயே அந்தப் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் வண்டியைப் போட்டார்கள். அவர்களும் சில நாள் அங்கேயே தங்கினார்கள். சிலியில் தீயணைப்புக்காரர்கள் தொண்டர்கள்; சம்பளம் வாங்குவதில்லை. ஓர் இரவு மணி அடித்தபோது இவர்களும் கூடவே ஓடினார்கள். எரிகிற வீட்டிலிருந்து கிரனாடோ ஒரு பூனையைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார். இந்தப் பூனையை நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

சாண்டியாகோ வரைக்கும் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய், அங்கே விட்டுவிட்டார்கள். மார்ச் மாதம் பிறந்திருந்தது. பிரயாணம் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இன்னும் ஐந்து மாதத்துக்கு மேல் பாக்கி. உலகப் பிரசித்தி பெற்ற அந்த மோட்டார் சைக்கிள் பிரயாணத்தின் பெரும் பகுதி மோட்டார் சைக்கிள் இல்லாமல் நடந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குவேராவின் ஸ்பானிஷ் புத்தகத்துக்குப் 'பயணக் குறிப்புகள்' என்றுதான் பெயர். மோட்டார் சைக்கிளைத் தலைப்பில் ஏற்றியது ஆங்கில மொழிபெயர்ப்பு.

வண்டி போனதும் என்ன நடந்தது என்பதைக் குவேராவே கூர்மையாகக் கவனித்திருக்கிறார். வண்டி இருந்தவரையில் தாங்கள் நாடோடிகளிலே ஒரு பிரபு வம்சம் என்றும், இப்போது முதுகில் மூட்டை சுமக்கிற சாதாரண வழிப்போக்கர்கள் ஆகிவிட்டோம் என்றும் எழுதுகிறார். 'டாக்டர்' பட்டம் நடந்து வருகிறவனிடம் அவ்வளவாகச் செல்லவில்லை. வால்பரைஸோ துறைமுகத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் இரக்கப்பட்டுச் சோறு போட்டார். அங்கே கடைக்கு வரும் ஒரு கிழவியைப் பார்க்கக் குவேராவை அழைத்துப் போனார்கள். அவளுக்கு ஆஸ்துமா; இருதயமும் கெட்டிருந்தது. தனக்கும் உள்ள வியாதி அது. கையிலிருந்த சில மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் அதுவரை வேலைக்காரியாகப் பிழைத்தவள். சம்பாதிக்க முடியாமற்போன உடம்பு குடும்பத்துக்கே பாரமாகிவிடுவதைப் பற்றி அன்று அவர் எழுதிய பக்கத்தில் விளையாட்டுத்தனம் இல்லை. பீச் பழத்தைப் பற்றி எழுதிய பேனாதான் அது.

வடக்கே போகக் காசில்லாமல் ஒரு கப்பலில் கள்ளத்தனமாக ஏறிக் கக்கூசில் ஒளிந்துகொண்டார்கள். அகப்பட்டபின் கிரனாடோவை உருளைக்கிழங்கு உரிக்கவும், குவேராவை அந்தக் கக்கூசையே கழுவவும் விட்டார்கள். அன்டோஃபகாஸ்டாவில் இறங்கி, அங்கிருந்து உலகத்தின் மிகப் பெரிய திறந்தவெளித் தாமிரச் சுரங்கமான சுக்கிகமாட்டாவை நோக்கிப் பாலைவனத்துக்குள் புகுந்தார்கள். நடுவே பக்கெடானோ என்று ஒரு ரயில் சந்திப்பு. அங்கே இருட்டிவிட்டது.

அந்த இரவில்தான் ஒரு புருஷனும் பெண்சாதியும் எதிர்ப்பட்டார்கள். அவன் சுரங்கத் தொழிலாளி, கம்யூனிஸ்ட். சிலியில் 1948-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்திருந்தார்கள். கவிஞர் பாப்லோ நெரூடாவே அதனால்தான் தலைமறைவாகி, 1949-ல் குதிரை மேல் ஆண்டிஸைத் தாண்டித் தப்பினார். இந்தத் தொழிலாளிக்குக் குதிரையும் இல்லை, கவிதையும் இல்லை. மூன்று மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்திருந்தான். குழந்தைகளை அண்டை வீட்டில் விட்டுவிட்டு, மனைவி கூடவே புறப்பட்டு வந்திருந்தாள். மலைமேல் உள்ள கந்தகச் சுரங்கத்துக்குப் போகிறார்கள். அங்கே காற்றும் குளிரும் எவ்வளவு கொடுமை என்றால், வேலைக்கு வருகிறவனிடம் கட்சி என்ன, ஜாதகம் என்ன என்று யாரும் கேட்பதில்லை.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நால்வரும் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக் கட்டியும் தின்று, மாத்தே என்னும் மூலிகைப் பானம் குடித்தார்கள். பாலைவனத்தில் பகல் நெருப்பு, இரவு பனிக்கட்டி. அந்தத் தம்பதிக்குப் போர்த்திக்கொள்ள ஒன்றும் இல்லை. நண்பர்களிடம் இரண்டு கம்பளிகள் இருந்தன. ஒன்றை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மற்றொன்றுக்குள் இருவரும் ஒடுங்கிக்கொண்டார்கள். தம் வாழ்நாளில் பட்ட பெருங்குளிர்களில் அது ஒன்று என்று குவேரா எழுதுகிறார். அதே வாக்கியத்தோடு சேர்த்து, தனக்கு அந்நியமாக இருந்த மனித ஜாதியோடு அன்றுதான் கொஞ்சம் நெருக்கம் உண்டாயிற்று என்கிற பொருளில் ஒரு வார்த்தையும் சொல்கிறார்.

வண்டி ஓடிக்கொண்டிருந்தால் இந்த இரவு நடந்திருக்காது. இதில் சந்தேகமில்லை. பக்கெடானோவில் வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை. நார்ட்டன் வண்டி தூசி கிளப்பிக்கொண்டு அந்த ஊரைத் தாண்டியிருக்கும். விளக்கு இல்லாத சாலையோரத்தில் இரண்டு உருவங்கள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்ததை, வண்டியின் விளக்கு ஒரு வினாடி காட்டிவிட்டு நகர்ந்திருக்கும்.

காலையில் லாரி கிடைத்தது. தம்பதியைப் பிரிந்து, நண்பர்கள் சுக்கிகமாட்டா போய்ச் சேர்ந்தார்கள். சுரங்கம் அப்போது அனகோண்டா என்ற அமெரிக்கக் கம்பெனியின் வசம் இருந்தது. 1971-ல்தான் சிலி அதைத் தேசியமயமாக்கியது. அங்கே பெரிய இயந்திரங்களைக் காட்டினார்கள். இவர்களுக்கோ, இந்த மலையைக் குடைந்ததில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதுதான் கேள்வியாக இருந்தது.

இந்த இடத்துக்கு வந்ததும் சரித்திரக்காரர்கள் பேனாவைக் கீழே வைத்துப் பெருமூச்சு விடுவார்கள். 'பார்த்தீர்களா? இங்கேதான் சே குவேரா பிறந்தார்!' என்பார்கள்.

சரி. அந்தக் கம்பளிக்குள் இரண்டு பேர் இருந்தார்களே? இன்னொருவர் என்ன ஆனார்?

அதே தம்பதியின் கதையைக் கிரனாடோவும் கேட்டார். அதே குளிர் அவரையும் நடுக்கியது. பிறகு பெருவில், அமேசான் கரையில் சான் பாப்லோ தொழுநோய்க் குடியிருப்பில், குவேராவோடு சேர்ந்து அவரும் நோயாளிகளின் கையைப் பிடித்துப் பேசினார், கூடப் பந்தாடினார். நோயாளிகளின் துக்கம் அவருக்குப் புதிதல்ல. அது அவர் தொழிலே. 1952 ஜூலையில் காரகாஸ் நகரத்தில் இருவரும் பிரிந்தார்கள். கிரனாடோ வெனிசுவேலாவில் ஒரு தொழுநோய் மருத்துவமனையில் வேலைக்கு அமர்ந்தார். குவேரா ஊர் திரும்பிப் பட்டம் வாங்கிக்கொண்டு, 1953-ல் மறுபடியும் புறப்பட்டார். 1954-ல் குவாதமாலாவில் ஓர் அரசாங்கம் கவிழ்க்கப்பட்டதைக் கண்ணால் பார்த்தார். 1955-ல் மெக்ஸிகோவில் ஃபிடல் காஸ்ட்ரோவைச் சந்தித்தார். மீதியை உலகம் அறியும்.

பிரயாணம்தான் ஒருவரைத் துப்பாக்கி எடுக்க வைத்தது என்றால், அது மற்றவரையும் எடுக்க வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. ஆகவே காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும். கிரனாடோவே பழைய சம்பவம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். 1943-ல், கல்லூரி மாணவர் கிளர்ச்சியில் அவர் கார்டோபாவில் சிறைப்பட்டிருந்தார். பார்க்க வந்த சிறுவர்களிடம், 'எங்களை விடுவிக்கச் சொல்லி நீங்களும் ஊர்வலம் போங்களேன்' என்று கேட்டார். பதினைந்து வயது எர்னெஸ்டோ மறுத்துவிட்டானாம். வெறுங்கையோடு போய்ப் போலீஸிடம் அடி வாங்க நான் தயாரில்லை, ரிவால்வர் கொடுத்தால் போகிறேன் என்றானாம். அதற்கு எட்டு வருஷம் கழித்து, பெருவின் மச்சு பிச்சு இடிபாடுகளில், தேர்தல் நடத்திப் பழங்குடி மக்களின் ராஜ்யத்தை நிறுவலாம் என்று கிரனாடோ வேடிக்கையாகக் கற்பனை செய்தபோதும், துப்பாக்கி இல்லாமல் புரட்சியா என்று சிரித்தவர் குவேராதான். குளிர் இரவு அவருக்கு ஒரு காரணத்தைத் தந்திருக்கலாம். சுபாவம் முன்பே இருந்தது.

அந்தச் சுபாவத்தின் பலன் எல்லாவற்றையும் நாம் பார்க்கத்தான் வேண்டும். 1959-ல் புரட்சி வென்ற சில மாதங்களில், ஹவானாவின் லா கபானா கோட்டைக்குத் தளபதியாக இருந்து, புரட்சி நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகளின் மேல் வந்த அப்பீல்களைப் பரிசீலித்தவரும் இதே மனிதர்தான். கம்பளி கொடுத்த கை வேறு, அந்தக் காகிதங்களைப் புரட்டிய கை வேறு என்று பிரித்துப் பேசுவது அவரை நேசிக்கிறவர்களுக்கும் வெறுக்கிறவர்களுக்கும் சௌகரியமாக இருக்கிறது. உடம்பு ஒன்றுதான். 1967 அக்டோபர் 9-ம் தேதி, பொலிவியாவில் லா ஹிகேரா என்ற குக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அந்த உடம்புக்கு வயது 39.

கிரனாடோ 1961-ல் நண்பரின் நாடான கியூபாவுக்கே குடும்பத்தோடு குடிபோனார். துப்பாக்கி தூக்க அல்ல, பாடம் நடத்த. ஹவானாவில் உயிர் இரசாயனம் கற்பித்தார். சாண்டியாகோ டி கியூபாவில் வைத்தியக் கல்லூரி ஒன்று உருவாகப் பாடுபட்டார். தம் பிரயாணக் குறிப்புகளை 1978-ல் புத்தகமாக்கினார். குவேராவின் குறிப்புகள் 1990-களின் தொடக்கத்தில்தான் அச்சேறின. அவற்றை அவர் பிரயாணம் முடிந்தபின் திருத்தி எழுதியிருந்தார். இந்தக் குறிப்புகளுக்கு உரியவன் இறந்துவிட்டான், இதை ஒழுங்குபடுத்துகிற நான் வேறு ஆள் என்று முன்னுரையிலேயே எச்சரிக்கை செய்திருக்கிறார். 2004-ல் அதைப் படமாக எடுத்தார்கள். எண்பது வயதைத் தாண்டியிருந்த கிரனாடோ, படப்பிடிப்போடு கூடவே போய், இளமையில் நடந்த வழியை மறுபடி பார்த்தார். 2011 மார்ச் 5-ம் தேதி ஹவானாவில் காலமானார். நண்பரின் பிரசித்தி பெற்ற படம் எடுக்கப்பட்ட அதே தேதி. அவருக்கு வயது 88.

அவர் முகத்தை யாரும் சட்டையில் அச்சடிக்கவில்லை. அதற்காக நான் கண்ணீர் விடவில்லை. அவரும் விட்டதாகத் தெரியவில்லை. ஆனால் ஊரூராக நடந்து துன்பத்தைக் கண்டவன் துப்பாக்கி எடுத்தே தீருவான் என்றோ, எடுக்காதவன் எதையும் காணாதவன் என்றோ யாராவது சொன்னால், அந்தச் சமயத்தில் எனக்குக் கிரனாடோவின் ஞாபகம் வருகிறது. குளிரும் பசியும் இருவருக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன. ஒருவர் ஒரு கண்டத்தையே பற்றவைக்க நினைத்தார். மற்றவர் எரிகிற வீட்டில் அகப்பட்ட பூனையைப் போய்த் தூக்கினார். அப்புறம் நோயாளியை, அப்புறம் மாணவனை. இரண்டில் எது பெரிது என்று தீர்ப்புச் சொல்வது என் தொழில் அல்ல. கேள்வி காதில் விழுவதற்கு இருவருமே வண்டியை விட்டு இறங்க வேண்டியிருந்தது. அதுவும் தாமாக இறங்கவில்லை. வண்டியாகப் பார்த்து இறக்கிவிட்டது.